கணக்கு தெரிகிறது, கேள்வியை வாசிக்கத் தெரியவில்லை: எல்லாப் பாடத்துக்கும் வாசிப்பு சொல்லிக்கொடுக்க இலவசமாக இணையத்தில் என்ன இருக்கிறது?

கரிசல்கணக்கு

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 6, 7, 8 மூன்று வகுப்பும் என்னிடம்தான்.

போன வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு கேள்வி கொடுத்தேன். "ராணியிடம் 12 பென்சில்கள் உள்ளன. இது கமலாவிடம் இருப்பதைவிட 5 குறைவு. கமலாவிடம் எத்தனை பென்சில்கள் உள்ளன?" முக்கால்வாசிப் பேர் 7 என்று எழுதினார்கள். இவர்கள் கூட்டல் கழித்தல் தெரியாத பிள்ளைகள் இல்லை. பலகையில் நாலு இலக்கக் கழித்தல் போட்டால் கடகடவென்று விடை சொல்வார்கள். ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். 'குறைவு' என்ற இடத்தில் நின்று, "குறைவுன்னா கழிக்கணும் சார்" என்றான்.

அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று பல வருடமாகச் சொல்லிவந்திருக்கிறேன். அது வாக்கியத்தை வாசிக்காமலே விடை எழுதுகிற பழக்கத்தைக் கொடுத்துவிட்டது.

இந்தப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கொரோனாவால் பள்ளி மூடியிருந்தது. 2022இல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசுத் திட்டம் 'எண்ணும் எழுத்தும்' 1 முதல் 3ஆம் வகுப்பு வரை வந்தபோது இவர்கள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். 4, 5க்கு அது நீட்டிக்கப்பட்டபோது ஐந்தில் இருந்தார்கள். நடுவில் விழுந்துவிட்ட ஒரு தொகுதி இது.

நான் தேடுவது கதைப் புத்தகங்கள் அல்ல. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் பாடங்களுக்குள்ளேயே வாசிக்கவும் எழுதவும் பழக்க, தமிழில், காசில்லாமல் கிடைப்பவை. பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பட்டியல் மட்டும் வேண்டாம், என்னிடம் ஏற்கெனவே வாட்ஸ்அப் பட்டியல் நாற்பது இருக்கிறது.

மலைச்சாரல்

சார், அறிவியல் ஆசிரியை நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் எட்டாம் வகுப்புதான் கண்ணில் வந்தது.

இணையத்தைத் தேடுவதற்கு முன்னால் ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலியர் 1977இல் கொடுத்த ஐந்து கேள்விகளைப் பாருங்கள். நியூ சௌத் வேல்ஸ் கல்வித் துறையின் தளத்தில் இலவசமாகவே விளக்கம் இருக்கிறது, ஆங்கிலத்தில். நான் தமிழில் சொல்லிப் பழகியது இப்படி: கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டு. என்ன கேட்கிறார்கள், சொல். எந்த வழியில் போடப்போகிறாய்? போடு, போடும்போதே வாயால் சொல்லு. கடைசியாக விடையை எழுது.

இந்த ஐந்தில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். வாசிப்பிலேயே நிற்கிறதா, வாசித்த பின் பொருள் பிடிபடவில்லையா, பொருள் தெரிந்தும் அதைக் கணக்காக மாற்ற வரவில்லையா என்று தெரிந்துவிடும். உங்கள் பையன் இரண்டாவதில் நிற்கிறான் என்று நினைக்கிறேன். அவனுக்கு இன்னும் நூறு கழித்தல் கொடுத்துப் பயனில்லை.

பாட விஷயத்துக்கு ஃபெட் (PhET), அறிவியல், கணக்குச் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கிற இலவசத் தளம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது, இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் ஆரம்பித்தது. நிறைய உருவகச் செயல்பாடுகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். பலர் அதை வீடியோ மாதிரி காட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் வாசிப்பும் எழுத்தும் நழுவுகிறது. நான் ஓட்டுவதற்கு முன் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வேன்: "கட்டையைத் தண்ணீரில் போட்டால் ______ என்று நினைக்கிறேன், ஏனென்றால் ______." ஓட்டிய பிறகு இரண்டு வாக்கியம். அந்த 'ஏனென்றால்' என்ற ஒரு சொல்லை எழுத வைக்கவே எனக்கு ஒரு பருவம் ஆனது.

வேதிவினை

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து. ஒன்பது, பத்து எடுக்கிறேன். 45 நிமிடப் பிரிவேளை, பாடம் முடிக்க வேண்டும், செய்முறை இருக்கிறது, திருப்புதல் தேர்வு இருக்கிறது. வாசிப்பு கற்பிப்பது தமிழாசிரியர் பொறுப்பு. ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்றால் எதுவும் நடக்காது. நான் சோம்பலில் சொல்லவில்லை, என் மாணவர்களுக்கு நேரம் போதவில்லை என்ற கவலையில் சொல்கிறேன்.

மலைச்சாரல்

கவலை நியாயமானது சார். ஆனால் உங்கள் பாடத்தின் தமிழை தமிழாசிரியர் சொல்லித்தர முடியாது.

'தொகுதி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பின்னத்தின் மேல் எண். சமூக அறிவியலில் சட்டமன்றத் தொகுதி. உங்கள் வேதியியலில் தனிம வரிசை அட்டவணையின் நெடுவரிசை. 'பகுதி' கணக்கில் பின்னத்தின் கீழ் எண், தமிழ் இலக்கணத்தில் பகுபதத்தின் முதல் உறுப்பு. அந்த 'உறுப்பு' உயிரியலில் இதயமும் நுரையீரலும், கணக்கில் கணத்தின் உறுப்பு. ஒரே நாளில் நாலு பிரிவேளைகளில் பிள்ளை இதே சொல்லை நாலு பொருளில் கேட்கிறது. யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை.

இன்னொன்று. நம் பாடநூல் வரையறைகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன? "ஓரலகு நேரத்தில் திசைவேகத்தில் ஏற்படும் மாற்றம் முடுக்கம் எனப்படும்." பெயர் கடைசியில் வருகிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமலே பிள்ளை ஐந்து சொற்களைச் சுமந்து வரவேண்டும். 'எனப்படும்' என்று பார்த்தால் அதற்கு முந்திய சொல்லில் வட்டம் போடு, பிறகு முதலிலிருந்து வாசி என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நிமிடம்தான் ஆகும். இதை இயற்பியல் ஆசிரியர்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த வாக்கியம் அவர் பாடத்தில்தான் வருகிறது.

பி.எட்.டில் 'பாடத்திட்டம் முழுவதும் மொழி' என்று ஒரு தாளே இருக்கிறது. தேர்வு எழுதியதோடு மறந்துவிட்டோம்.

வேதிவினை

தொகுதி பற்றி யோசித்ததே இல்லை. நாளை வகுப்பில் கேட்டுப் பார்க்கிறேன்.

ஏட்டுச்சுவடி

நூலகத்தில் வேலை செய்கிறேன், ஆசிரியர் இல்லை. இலவசம் என்பதில் ஒரு வேறுபாடு முக்கியம், அதைச் சொல்லிவிடுகிறேன். சில தளங்கள் படிக்க மட்டும் இலவசம். சில, எடுத்து மாற்றி அச்சிட்டுக் கொடுக்கவும் இலவசம். ஆசிரியருக்கு இரண்டாவது வகைதான் அதிகம் உதவும்.

சிறுவர் புத்தகத் தளமான ஸ்டோரிவீவர் அந்த வகை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் மொழிபெயர்க்கலாம், சொற்களை எளிமையாக்கலாம், அச்சிடலாம், மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். கதைப் புத்தகம் வேண்டாம் என்கிறார் இழை தொடங்கியவர். ஆனால் அங்கே அறிவியல், கணக்கு சார்ந்த புத்தகங்களும் தமிழில் உண்டு, வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் நிலைப் புத்தகத்தைக் கொடுத்தால் வெட்கப்படும். அதனால் அட்டையைக் காட்டாமல் உள்ளே இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துத் தாளில் கொடுங்கள்.

விக்கிப்பீடியாவும் மாற்றிக்கொள்ளக்கூடியதுதான். தமிழில் 2003 முதல் இருக்கிறது. கட்டுரைகளின் நடை பல இடங்களில் கடினம், அப்படியே பிள்ளையிடம் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு பத்தியை எடுத்து நீங்களே எட்டு வரியாகச் சுருக்கினால் நல்ல வாசிப்புத் தாள் கிடைக்கும்.

அடுத்து, பலருக்குத் தெரியாத ஒன்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் முழுவதும் இருக்கிறது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட 10 தொகுதிகள். பஞ்சு, பனை, பாலம், புகைவண்டி என்று எதை எடுத்தாலும் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். குழந்தைக்கென்று யோசித்து எழுதிய தமிழ். தகவல் பழையது, அதை மறக்கக் கூடாது. அதன் பிறகு புளூட்டோ 2006இல் கோள் என்ற தகுதியை இழந்துவிட்டது. ஆனால் அதுவே ஒரு பாடம்: பழைய பக்கத்தையும் இன்றைய பாடநூலையும் அருகருகே வைத்து, எது மாறியிருக்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வன்னிமண்

வணக்கம் சேர். நான் இலங்கையில் வடக்கில் தரம் 8, 9க்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் பக்கம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும், தமிழ் மொழி மூலமும் உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் இருக்கிறது. பழைய சஞ்சிகைகள், சிறுவர் இதழ்கள் வேண்டுமென்றால் 'நூலகம்' என்ற இணையத் தளம், 2005 முதல் நடக்கிறது. நீங்களும் தாராளமாக எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நான் உங்கள் பக்கத்துக் காணொளி ஒன்றை வகுப்பில் போட்டுக் குழம்பினேன். நீங்கள் 'நிறை' என்பது எங்களுக்குத் 'திணிவு'. நீங்கள் 'எடை' என்பது எங்களுக்கு 'நிறை'. ஆகவே 'நிறை' என்ற ஒரே சொல் உங்கள் பிள்ளைக்கு ஒரு கணியம், என் பிள்ளைக்கு வேறொரு கணியம். அதே போல உங்கள் 'வேகம்' எங்கள் 'கதி', உங்கள் 'திசைவேகம்' எங்கள் 'வேகம்', 'முடுக்கம்' இங்கே 'ஆர்முடுகல்'. ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, அழுத்தம் அமுக்கம். இவை பரவாயில்லை, ஊகிக்கலாம். நிறையும் வேகமும்தான் ஆபத்து, பிள்ளை பிழையென்றே தெரியாமல் பிழையாக விளங்கிக்கொள்ளும்.

இப்போது நான் காணொளிக்கு முன்னால் கரும்பலகையில் இரண்டு நிரல் போடுகிறேன், "எங்கள் சொல், அவர்கள் சொல்". பிள்ளைகள் அதை விரும்பிச் செய்கிறார்கள். ஒரு மாணவி 'ஒளித்தொகுப்பு நல்லதா, ஒளிச்சேர்க்கை நல்லதா' என்று கேட்டு, இரண்டையும் பிரித்துப் பார்த்து, இரண்டிலும் 'ஒளி' இருக்கிறது, மற்றது 'ஒன்று சேர்ப்பது' என்று தானே சொன்னாள். அந்த நாள் பாடம் அவளே நடத்திய மாதிரி இருந்தது.

கரிசல்கணக்கு

வன்னிமண் டீச்சர், நிறை விஷயம் எனக்கு முற்றிலும் புதிது. மிக்க நன்றி. (டீச்சரா சாரா தெரியவில்லை, தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வன்னிமண்

டீச்சர்தான் சேர்.

தாமிரபரணி

சமூக அறிவியலுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'வரலாற்றாசிரியரைப் போல வாசித்தல்' பாடங்கள் இலவசம், ஆங்கிலத்தில். அமெரிக்க வரலாறும் உலக வரலாறுமே அதிகம், நமக்கு நேரடியாக உதவாது. ஆனால் முறையை எடுத்துக்கொள்ளலாம். இதை யார் எழுதினார்? எப்போது, எதற்காக? அந்தக் காலத்தில் சுற்றிலும் என்ன நடந்தது? வேறு சான்று இதை ஒத்துப்போகிறதா? சொற்கள் எதைச் சொல்லாமல் விடுகின்றன?

நான் இதை உத்திரமேரூருக்குப் போட்டேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறை, நம் புத்தகத்தில் எல்லா வகுப்பிலும் வருகிறது. வழக்கமாக "சோழர் கால மக்களாட்சி" என்று ஒரு வரியில் மனப்பாடம். நான் தகுதிகளை மட்டும் பலகையில் எழுதினேன்: கால்வேலி நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதத்தில் தேர்ச்சி. பிறகு ஒரே கேள்வி: "உங்கள் வீட்டில் யார் பெயரை ஓலையில் எழுதியிருப்பார்கள்?" வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு மாணவி எழுதினாள்: "எங்கள் வீட்டில் யார் பெயரும் இருந்திருக்காது. அம்மா பெண், அப்பாவுக்கு நிலம் இல்லை." இதைவிட ஆழமாக ஒரு மூலச் சான்றை எட்டாம் வகுப்பு வாசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கூட்டெழுத்து

தொழில்நுட்பம் பற்றிக் கொஞ்சம். பாடநூல் பி.டி.எஃப். இலிருந்து பத்தியை நகல் எடுத்தால் குப்பையாக வருகிறது என்று பலர் புலம்புவதைப் பார்க்கிறேன். காரணம், அவை யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சானவை. எழுத்துரு மாற்றிகள் இலவசமாக உண்டு, என்.எச்.எம். மாற்றி ஒன்று. அதுவும் வேலை செய்யாவிட்டால் பக்கத்தைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். தமிழ் எழுத்துகளைப் படித்து எழுத்தாக மாற்றித்தரும். பிழை திருத்த வேண்டும், குறிப்பாக ன, ண, ற, ர.

எழுத்தாக மாறிவிட்டால் எழுத்தளவைப் பெரிதாக்கலாம், வரி இடைவெளி விடலாம், நீளமான வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு இடைவெளிவிட்ட பெரிய எழுத்தே பாதி உதவி. ஆண்ட்ராய்டு போனில் தமிழ் உரையைக் குரலாகச் சொல்லும் வசதியும் இருக்கிறது. முதலில் கேட்டுக்கொண்டே விரல் வைத்துப் பார்க்கட்டும், அப்புறம் தானாக வாசிக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் "எளிமையாக்கு" என்று கொடுப்பவர்களுக்கு: வன்னிமண் டீச்சர் சொன்ன நிறை, எடைக் குழப்பம் அங்கேயும் வரும். கலைச்சொல் ஒவ்வொன்றையும் பாடநூலோடு ஒப்பிடாமல் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

முல்லைக்கொடி

நான் அம்மா. ஆசிரியர்கள் பேசுகிற இடத்தில் வரலாமா தெரியவில்லை. என் மகள் ஆறாம் வகுப்பு. வீட்டில் ஒரு போன், அதை அவர் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். இரவு எட்டு மணிக்குத்தான் கையில் கிடைக்கும். பாடப் புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறது, தட்டினால் வீடியோ ஓடுகிறது, டேட்டா தீர்ந்துவிடுகிறது. நீங்கள் பேசுகிற இதெல்லாம் தாளாக வந்தால் எங்களுக்கு உபயோகம்.

மலைச்சாரல்

கட்டாயம் வரலாம் அக்கா. நீங்கள் சொன்னதுதான் உண்மை நிலவரம். 2018-19 புத்தகங்களில் கியூஆர் கோடு வந்ததும், அப்புறம் பள்ளிக் கல்வித் துறையின் வீடியோப் பாடச் செயலியான மணற்கேணி வந்ததும் நல்லதே. விளக்கம் கேட்க அவை போதும். ஆனால் வீடியோ பார்க்கும்போது வாசிக்க வேண்டிய தேவையே பிள்ளைக்கு வருவதில்லை. வாசிப்புக்குத் தாள்தான். ஆசிரியர் இணையத்திலிருந்து எடுக்கட்டும், பிள்ளைக்குத் தாளாகப் போகட்டும்.

தாமிரபரணி

பள்ளி நூலகத்தில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று மகளிடம் கேளுங்கள் அக்கா. நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் அச்சுப் புத்தகமாகவே வந்தவை. டேட்டா வேண்டாம்.

கரிசல்கணக்கு

ஆறு வாரம் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

'மொத்தம் என்றால் கூட்டு' சுவரொட்டியைக் கழற்றினேன். வாரத்தில் இரண்டு நாள் முதல் பத்து நிமிடம் ஒரே ஒரு வாசகக் கணக்கு, எண்களை மறைத்துவிட்டு. "ராணியிடம் சில பென்சில்கள் உள்ளன. இது கமலாவிடம் இருப்பதைவிடக் குறைவு. யாரிடம் அதிகம்?" எண் இல்லாதபோது வாக்கியத்தை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதல் வாரம் சண்டையே நடந்தது, ராணி என்று பாதிப் பேர், கமலா என்று பாதிப் பேர். 'விட' என்ற சொல் யாரோடு ஒட்டியிருக்கிறது என்று அடிக்கோடு போட வைத்தேன். இரண்டு கோடு வரைந்து எது நீளம் என்று காட்ட வைத்தேன்.

வேற்றுமை உருபுகள் எவ்வளவு முக்கியம் என்று எனக்கே இப்போதுதான் உறைத்தது. "8இலிருந்து 3ஐக் கழி" என்றால் சரியாகப் போடுகிறவர்கள், "3ஐ 8இலிருந்து கழி" என்றால் 3 − 8 என்று எழுதுகிறார்கள். 'ஐ', 'இலிருந்து' இரண்டையும் வேறு வேறு நிறத்தில் எழுதினேன். தமிழாசிரியை அதே வாரம் வேற்றுமை நடத்தினார், நாங்கள் பேசிவைத்துக்கொண்டோம். இரண்டு வகுப்பிலும் ஒரே உதாரணம்.

மலைச்சாரல் டீச்சரின் ஐந்து கேள்விகளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க எனக்கு நேரம் கிடைத்தது பதினோரு பேரிடம் மட்டும். அதில் நாலு பேர் முதல் கேள்வியிலேயே நின்றார்கள், அவர்களுக்கு எழுத்தே தடுமாற்றம். அவர்களுக்குத்தான் கூட்டெழுத்து சொன்ன பெரிய எழுத்துத் தாளும், குழந்தைகள் கலைக்களஞ்சியத்திலிருந்து சுருக்கிய பக்கமும் கொடுத்துவருகிறேன். முன்னேற்றம் மெதுவாக இருக்கிறது. ஒருத்தியிடம் மாற்றம் தெரிகிறது, மற்ற மூவரிடம் இன்னும் இல்லை.

அந்தப் பையன் நேற்று கேள்வித்தாளைக் கொண்டுவந்து கேட்டான்: "சார், இது யாரைவிட யாருக்கு?" விடை இன்னும் தப்புதான். ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதினான்.

வேதிவினை

நானும் சொல்லிவிடுகிறேன். 'தொகுதி என்றால் என்ன?' என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். எம்.எல்.ஏ. தொகுதி என்று எல்லாரும் சொன்னார்கள். பத்து நாளாகத் தனிம அட்டவணை நடத்திக்கொண்டிருந்தேன், ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. இப்போது ஒரு சுவர்த்தாள் ஒட்டியிருக்கிறோம், ஒரு சொல், நாலு பாடம். மாணவர்களே 'அடி', 'தளம்', 'வினை', 'சார்பு' சேர்த்திருக்கிறார்கள். படத்தை நாளை இங்கே போடுகிறேன், யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

வன்னிமண்

போடுங்கள் சேர். எங்கள் சொற்களுக்கு ஒரு நிரல் காலியாக விடுங்கள், நான் நிரப்பி அனுப்புகிறேன்.